பசும்புல் என்க்ளேவில் ஒரு தலைப்பிரசவம்

ஒரு காட்டில், புதரில் குடியிருப்பது கேவலம் என்று எல்லாருக்கும் தோன்ற ஆரம்பித்த காலத்தில், வரிசை வீடுகள் கட்டினார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிய வீடுகள். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் "நூறு" என்று வாழ்த்துவார்கள். முன்னால் ஒரு கேட், கேட்டில் செக்யூரிட்டியாக ஒரு முள்ளம்பன்றி, பின்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நிலம். வாசல் வளைவில் 'பசும்புல் என்க்ளேவ்' என்று எழுதியிருந்தது. வாங்கியவர்கள் எல்லாரும் புல் தின்கிற பிராணிகள். மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்கு வீடு தருவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் நல்ல மனுஷர்கள் மட்டும்தான் இருப்பார்கள் என்று நம்பி எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

வரிசையின் கடைசி வீடு அன்னக்கொடி என்ற முயலுடையது. அவள் வீட்டுக்காரர் ஒரு கழுகு விஷயமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் தலையெடுத்து ஆளுக்கொரு மலையில் இருந்தார்கள். வழிவழியாக இருந்த காரைப்புதரைக் கொடுத்துவிட்டுத்தான் அவள் இந்த வீட்டை வாங்கினாள். வாங்கும்போது அறைகளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நேரே போய்ப் பின்வாசலைத் திறந்தாள். பொது நிலம் தெரிந்தது. அருகம்புல், கோரை, தும்பை, நடுவில் ஒரு ஆவாரஞ்செடி, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற ஒரு பள்ளம். "போதும்ப்பா, இதுவே போதும்" என்று அங்கேயே நின்று கும்பிட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. கடைசி மகள் தேன்மொழி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தேன்மொழிக்குப் பூஞ்சை உடம்பு. மாமியார் வீடு மொட்டைப் பாறை. பச்சையைக் கண்ணில் காண்பதே அபூர்வம். இங்கே கூட்டிவந்து வேளாவேளைக்கு இளம்புல்லாகக் கொடுத்து உடம்பைத் தேற்றிவிட்டால் பிரசவம் நல்லபடியாக நடக்கும், குட்டிகளுக்குப் பாலுக்கும் குறையிருக்காது. அன்னக்கொடிக்கு வேறு ஆசை கிடையாது.

பால் காய்ச்சிக் குடியேறிய கையோடு அசோசியேஷன் கூட்டம் போட்டார்கள். செக்ரட்டரி சாரங்கன் ஒரு புள்ளிமான். கொம்பு எதிலும் இடித்துவிடக் கூடாது என்று கழுத்தை எப்போதும் விறைப்பாக வைத்திருப்பார். பார்க்கிறவர்கள் அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நம்ம பின்பக்க நிலத்தைப் பாத்தீங்களா?" என்று அவர் ஆரம்பித்தார். "கண்டபடி முளைச்சுக் கிடக்கு. வர்றவங்க போறவங்க என்ன நினைப்பாங்க? ஒரே காடு மாதிரி இருக்கு."

"நாம இருக்கறது காடுதான சார்?" என்றார் அன்னக்கொடிக்கு அடுத்த வீட்டுக்காரர் சின்னக்காளை. அவர் ஒரு ஆமை. முதுகில் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தும், முதலீடாக இருக்கட்டும் என்று இங்கே இரண்டாவதாக ஒன்று வாங்கியவர்.

"அதைத்தான் மாத்தணும்னு சொல்றேன் அண்ணே" என்றார் சாரங்கன்.

மாற்றுவதற்கு ஒரு லேண்ட்ஸ்கேப் டிசைனரை அழைத்து வந்திருந்தார்கள். பிரணவ் என்று பெயர். தேவாங்கு. கண்கள் இரண்டும் முகத்துக்கு வெளியே வந்துவிடும் போலப் பெரிசாக இருக்கும். எதைப் பார்த்தாலும், இப்போதுதான் இந்த உலகத்தில் கண் விழித்தது போலப் பார்ப்பார். அதற்குப் பெயர்தான் கலைக்கண் என்று சாரங்கன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். பிரணவ் சாப்பிடுவது பூச்சி, பல்லி. அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீடு வாங்குகிறவர்களுக்குத்தானே அந்தக் கட்டுப்பாடு.

பிரணவ் ஒரு பெரிய தேக்கிலையை விரித்துக் காட்டினார். அதில் வர்ண வர்ணமாக வரைந்திருந்தது.

"இங்க ஒரு நீரூற்று. இங்க இருந்து வளைஞ்சு வளைஞ்சு ஒரு கூழாங்கல் பாதை."

"நேராப் போட்டா என்ன தம்பி?" என்று அன்னக்கொடி கேட்டாள்.

"நேராப் போட்டா சீக்கிரம் போயிடுவீங்க ஆன்ட்டி."

"அதுக்குத்தானப்பா பாதை?"

"இல்ல ஆன்ட்டி. போறதை ஃபீல் பண்ணணும்." பிரணவ் மெதுவாகக் கையை நகர்த்தினார். அவர் எதையுமே மெதுவாகத்தான் செய்வார். "இங்க ஒரு பெஞ்ச்."

"நாலு காலை வச்சுக்கிட்டு அதுல எப்படிய்யா உக்கார்றது?" என்றார் சின்னக்காளை.

"யாரும் உக்கார மாட்டாங்க சார். பெஞ்ச் இருந்தா, நினைச்சா உக்காரலாம்ங்கற ஒரு நிம்மதி வரும். அப்புறம் மீதி இடம் முழுக்க கார்பெட் புல். பாய் மாதிரி சுருட்டி வரும். விரிச்சா முடிஞ்சது."

தேக்கிலையின் நடுவில் பச்சையாக, பளபளவென்று, ஒரு களை இல்லாமல் அந்தப் புல் இருந்தது.  கூடத்தில் எச்சில் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. சாரங்கன் தொண்டையும் ஒருமுறை ஏறி இறங்கியது.

அன்னக்கொடி மறுபடி கையைத் தூக்கினாள். "தம்பி, இதுல எந்தப் பக்கம் சாப்பிடலாம்?"

யாரோ இருமினார்கள். யாரோ ஜன்னலைப் பார்த்தார்கள். பசும்புல் என்க்ளேவுக்கு வந்ததிலிருந்து யாரும் குனிந்து தரையில் மேய்வதில்லை. அது புதர்க்காரர்கள் பழக்கம். வைக்கோல் கட்டுக் கட்டாக வாசலுக்கே வந்தது. திரையை இழுத்துவிட்டு, தட்டில் வைத்துச் சாப்பிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இப்படி ஒரு கேள்வி.

பிரணவின் கண்கள் இன்னும் கொஞ்சம் பெரிதாயின. அவற்றுக்கு இன்னும் இடமிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. "சாப்பிடவா? புல்லையா?"

"புல்லை வேற என்னப்பா பண்ணுவாங்க?"

"பார்ப்பாங்க ஆன்ட்டி."

"அன்னக்கொடியம்மா," என்றார் சாரங்கன், ரொம்பத் தன்மையாக, "புதர்ல இருந்த ஞாபகத்தையெல்லாம் கேட்டுக்கு வெளியே விட்டுட்டு வந்துரணும்."

எல்லாரும் சிரித்தார்கள். தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று அன்னக்கொடியும் கொஞ்சம் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். தீர்மானத்துக்கு யாராவது எதிர்ப்பா என்று கேட்டார்கள். சின்னக்காளை எதிர்ப்புத் தெரிவிக்கக் காலைத் தூக்க ஆரம்பித்தார். அவர் தூக்கி முடிப்பதற்குள் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிவிட்டார்கள்.

பெருச்சாளிகள் வேலைக்கு வந்தன. அருகம்புல்லை வேரோடு பிடுங்கி கேட்டுக்கு வெளியே குவித்தன. அது அங்கேயே வெயிலில் காய்ந்து சருகானது. மஞ்சள் நிறம் டிசைனோடு சேரவில்லை என்று ஆவாரஞ்செடியை வெட்டினார்கள். மழைத்தண்ணீர் நின்ற பள்ளத்தை மண் போட்டு மூடி, சரியாக அதே இடத்தில் நீரூற்றை வைத்தார்கள். அதில் விசேஷ நாட்களில் மட்டும் தண்ணீர் வரும் என்றார்கள். பெஞ்ச் வந்தது. கூழாங்கல் பாதை, குடித்தவன் வீடு திரும்புவது போல வளைந்து வளைந்து போனது. கடைசியாகப் புல் சுருள் சுருளாக வந்து இறங்கியது. விரித்ததும் அந்த இடமே மாறிவிட்டது. அதைப் பழிக்கக் கூடாது. அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் காலை பார்த்தால் ஒரு ஓரத்தில் புல் கடித்திருந்தது.

அவசரக் கூட்டம். ஒவ்வொருவரும் ரொம்ப வருத்தத்தோடு பேசினார்கள். ஆனால் ஒருவரும் வாயை முழுசாகத் திறந்து பேசவில்லை. சாரங்கன் பல் தெரியாமல் பேசிய பேச்சு பின்வரிசைக்குக் கேட்கவே இல்லை. பேசி முடித்து ஒரு போர்டு வைத்தார்கள். 'புல்லைத் தின்னாதீர்கள். இது நம் அனைவரின் சொத்து. வாய் வைக்கும் குடும்பத்துக்கு வைக்கோல் நிறுத்தப்படும்.'

அந்த வாரக் கடைசியில் தேன்மொழி வந்து இறங்கினாள். வயிறு மட்டும்தான் முன்னால் வந்தது; மற்றபடி காதும் எலும்பும்தான். வந்த களைப்பில் பின்வாசலில் போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யம்மா! எம்புட்டுப் புல்லு! எல்லாம் நம்மளுதா?"

"நம்மளுதுதான்டி."

"அப்பச் சாப்பிடலாமா?"

"நம்மளுதுங்கறதாலதான் சாப்பிடக் கூடாதாம்."

தேன்மொழி அம்மாவைப் பார்த்தாள். வயதாகிவிட்டது, ஏதோ பேசுகிறாள் என்று நினைத்திருப்பாள். பிறகு போர்டைப் படித்தாள். உள்ளே வந்து படுத்துக்கொண்டாள்.

வைக்கோல் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாய் தின்றால் இரண்டு வாயாக வாந்தி. அன்னக்கொடி கேட்டுக்கு வெளியே போய்ப் பார்த்தாள். இரண்டாவது வரிசை வீடுகளுக்காக அந்தப் பக்கம் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள், செம்மண்ணும் ஜல்லியும்தான். ஒரு சங்கம்புதர் மட்டும் மிச்சமிருந்தது. அதில் முள்தான் உண்டு. திரும்பி வந்தால் மகள் பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் தாங்காமல் அன்னக்கொடி சாரங்கன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார், ஒரே ஒரு ஓரம். பெஞ்சுக்குப் பின்னாடி. யார் கண்ணுக்கும் தெரியாது. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு சார். பேறுகாலம் முடியற வரைக்கும்."

சாரங்கன் உண்மையாகவே வருத்தப்பட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. "எனக்குப் புரியுதும்மா. என் வீட்லயும் பெண்டு பிள்ளைங்க இருக்காங்க. ஆனா உங்களுக்கு ஒரு ஓரம் விட்டா நாளைக்கு ஆமையண்ணன் ஒரு ஓரம் கேப்பார். ஓரமா விட்டுக்கிட்டே வந்தா நடுவுல என்ன இருக்கும்?"

"நடுவுல நாம இருப்போம் சார். வயிறார இருப்போம்."

"அப்புறம் வீட்டோட மதிப்பு என்னாகும்? சொல்லுங்க. நாளைக்கே நீங்க இந்த வீட்டை விக்கறீங்கன்னு வைங்க..."

"நான் ஏன் சார் விக்கப் போறேன்?"

"விக்க மாட்டீங்க. ஆனா வித்தா? அந்த மதிப்புக்குத்தான் நாம எல்லாரும் இவ்வளவு பாடுபடறோம்." சொல்லிவிட்டு ஜன்னல் வழியே புல்லைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "எவ்வளவு இளசா இருக்கு பாத்தீங்களா" என்று அவர் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. உடனே திரையை இழுத்துவிட்டார்.

கேட்டுக்கு வெளியே அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார். டிசைனுக்குள் வராததால் அவர் தப்பித்தார். அன்னக்கொடி அவரிடம் போனாள். கையில் அருகம்புல் இல்லாமல் அவர் முன்னால் போய் நிற்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "உனக்கே இல்லாம பண்ணிட்டாங்களேப்பா, உன்கிட்ட நான் எங்க போயி கேக்கறது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோப்புக்கரணம் போட்டாள். காது நீளமாக இருப்பதால் முயல்களுக்கு அது அவ்வளவு சிரமமில்லை.

மழை வந்தது. அதைப் பிள்ளையார் அனுப்பினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆவணி மாதம், வர வேண்டிய மழைதான். ஆனால் வந்தது. விட்டு விட்டுப் பெய்து, புல் கிடுகிடுவென்று வளர்ந்தது. முதலில் கூழாங்கல் பாதை மறைந்தது. பிறகு பெஞ்சின் கால்கள் மறைந்தன. கடைசியில் போர்டில் 'புல்லைத் தின்னாதீர்கள்' என்ற முதல் வரி மட்டும் புல்லுக்கு மேலே தெரிந்தது.

பிரணவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, தேக்கிலையையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "என் டிசைன்ல இது வளரவே இல்லையே!"

"இலையில வரைஞ்ச புல்லுக்கு மழை பேஞ்சது தெரியாது தம்பி" என்றார் சின்னக்காளை.

புல் உயர்ந்தால் பாம்பு வரும் என்று பயந்து கூட்டம் போட்டார்கள். அதற்கு வருவதற்காகச் சின்னக்காளை முந்தின நாளே கிளம்பியிருந்தார். "ஆளுக்கு ஒரு பக்கமா மேஞ்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும். என்ன சொல்றீங்க?" என்றார்.

கூடம் முழுக்கக் காதுகள் நிமிர்ந்தன. சாரங்கன் மேசையைத் தட்டினார். "பொதுச்சொத்தை உரிமைக்காரங்களே அனுபவிக்கறதா? அதுக்குப் பேரு ஊழல் அண்ணே."

காதுகள் தொங்கிவிட்டன. ஊழல் என்ற சொல் அப்படி.

முதலில் ஒரு காட்டுப்பன்றிக்கு காண்ட்ராக்ட் விட்டார்கள். அது கிழங்கு தேடி மூக்கால் ஒரு மூலையையே உழுது போட்டுவிட்டு, "அடியில ஒண்ணுமே இல்லையே, என்ன புல்வெளி வச்சிருக்கீங்க" என்று திட்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் கேட்டில் அந்த விளம்பரத்தை ஒட்டினார்கள். 'புல் பராமரிப்புக்கு ஆள் தேவை. பற்கள் சொந்தமாக இருக்க வேண்டும். வீட்டு உரிமையாளர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் விண்ணப்பிக்கத் தகுதியில்லை.'

அன்னக்கொடி அதை வாய்விட்டு மெதுவாகப் படித்தாள். செக்யூரிட்டி முள்ளம்பன்றியிடம், "அண்ணே, உரிமையாளர்னா வீடு உள்ளவங்கதான?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னாள்.

தேன்மொழி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்னம்மா பேசற? சொந்த வீட்டை விட்டுட்டுப் புல்லு வெட்டற வேலைக்குப் போறதா? எங்க மாமியாளுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவா?"

"என்ன சொல்லுவா? சம்பந்தி வீட்ல பச்சைப்புல்லு கிடைக்குதாம்னு மூட்டை முடிச்சோட வந்து நிப்பா. நீ எந்திரி."

சாவியைக் கொண்டு போய் சாரங்கன் மேசையில் வைத்தாள். "வீடு வேண்டாம் சார். அசோசியேஷனே வச்சுக்கிடட்டும். எனக்கு அந்த வேலை வேணும்."

சாரங்கனுக்குக் கழுத்து விறைப்பே போய்விட்டது. "என்னம்மா இது? வீட்டை விட்டுட்டு எங்க இருப்பீங்க?"

"கேட்டுக்கு வெளிய சங்கம்புதர் இருக்குல்ல சார்."

"உங்க அந்தஸ்து என்னாகறது?"

"அதை ஊறுகா போட்டா எம் மக திம்பாளா சார்?"

சாரங்கன் பெருமூச்சு விட்டார். ஆனாலும் நேர்காணல் என்றால் முறைப்படி நடக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் போய்க் கழுத்தை மறுபடி விறைத்துக்கொண்டார். அதுவரை 'அன்னக்கொடியம்மா' என்று கூப்பிட்டவர், சாவி கைமாறியதும் 'அன்னக்கொடி' என்று ஆரம்பித்தார்.

"முன் அனுபவம்?"

"பிறந்ததுல இருந்து சார்."

"வெட்டின புல்லைக் குவிச்சு வைக்கக் கூடாது. அன்னன்னைக்கு நீங்களேதான் அப்புறப்படுத்தணும். அசோசியேஷன் பொறுப்பில்லை."

"நானும் மகளும் பாத்துக்கறோம் சார். ஒரு தாள் மிச்சமிருக்காது."

"மதியச் சாப்பாடு தர மாட்டோம்."

"பரவால்ல சார்."

"வாரம் ஒரு நாள் லீவு."

"ஐயோ, லீவு வேண்டாம் சார்!" அன்னக்கொடி பதறிப் போனாள். "ஞாயித்துக்கிழமையும் வந்துர்றேன். விடிஞ்சதும் வந்துர்றேன்."

சாரங்கன் கண் கலங்கிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு விசுவாசமான ஆள் யாருக்குக் கிடைக்கும்?

மறுநாளே தாயும் மகளும் வேலையில் இறங்கினார்கள். தேன்மொழி முதல் வாய் எடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் மென்றாள். வாந்தி வரவில்லை. அன்னக்கொடி மகளையே பார்த்துக்கொண்டு, தான் வேலை செய்ய மறந்து நின்றாள்.

வீடுகளின் பின்பக்க ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உள்ளே இருந்தவர்கள் வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கடிக்க மறந்து, வெளியே பார்த்தார்கள். இரண்டு நாளில் புகார் வந்தது. வேலைக்காரிகள் ரொம்ப மெதுவாக வெட்டுகிறார்களாம். வெட்டும்போது சப்புக்கொட்டுகிறார்களாம். நடுநடுவே ஏப்பம் வேறு விடுகிறார்களாம். சாரங்கன் விசாரித்தார்.

"வேலையில ஈடுபாடு இருந்தா அப்படித்தான் சார் சத்தம் வரும்" என்றாள் அன்னக்கொடி.

சின்னக்காளை கூழாங்கல் பாதையில் ஏறி, அதன் எல்லா வளைவையும் வளைந்து, காலையில் கிளம்பி சாயங்காலம் அவளிடம் வந்து சேர்ந்தார்.

"மதினி, எப்படி இருக்கு?"

"என்னத்தச் சொல்ல கொழுந்தனாரே. பழைய அருகம்புல்லு வாசம் இதுல வராது. ஆனா நுனியில ஒரு இனிப்பு இருக்கு பாருங்க..."

"போதும் மதினி. சொல்லாதீங்க." சின்னக்காளை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "வேலை இன்னும் காலி இருக்கா?"

அவர் வீட்டுச் சாவியைக் கொடுத்தபோது சாரங்கன் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். முதுகில் இன்னொரு வீடு இருக்கிறதே, அதுவும் உரிமைதானே?

"அதையும் காலி பண்ணுன்னா நான் செத்துத்தான் காட்டணும் சார்" என்றார் சின்னக்காளை. "வேணும்னா அதை ஆபீஸ்னு எழுதிக்கங்க."

சாரங்கன் யோசித்துப் பார்த்து அப்படியே செய்தார். அதற்கப்புறம் வரிசை கட்டி வந்தார்கள். காட்டாடு குடும்பம் வந்தது. நடுவீட்டுக் காட்டெருமை, கதவை உள்பக்கமிருந்து திறக்கப் பொறுமையில்லாமல் சுவரோடு வெளியே வந்தார். ஒவ்வொருவரும் சாவியை வைத்தார்கள். ஒவ்வொருவரும் லீவு வேண்டாம் என்று சொன்னார்கள். சாரங்கனின் சொந்த மனைவியே, "பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பி, கேட் வரை போய்த் திரும்பி, இனி தான் உரிமையாளரைச் சார்ந்தவள் இல்லை என்று சொல்லி, பராமரிப்பு வேலையில் சேர்ந்துவிட்டார். வெறும் வீடுகள் வரிசையாக நின்றன. புல்வெளி முழுக்க ஆட்கள். ஒருவரோடொருவர் பேசினார்கள், சிரித்தார்கள், வீட்டில் இருந்தவரை அடுத்த வீட்டுக்காரர் பெயரே தெரியாதவர்களெல்லாம் மாமன், மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். பிரணவ் வந்து படமெடுத்துக்கொண்டு, "நான் நினைச்சது இதைத்தான்" என்றார்.

மிச்சமிருந்த ஒரே உரிமையாளர் சாரங்கன். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒருநாள் தன் வீட்டுச் சாவியைத் தன் மேசையில் தானே வைத்துவிட்டு வெளியே வந்தார். எல்லாரும் மேய்வதை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், அந்த மாதிரி முடிவு மட்டும் எடுத்துராதீங்க" என்றார் சின்னக்காளை. "ஒரு முதலாளியாவது இருந்தாத்தான நாங்க தொழிலாளி?"

"உரிமைக்காரங்களே இல்லாட்டி வேலைய யாரு குடுக்கறது சார்?" என்றாள் அன்னக்கொடி. "என் பொண்ணுக்கு இன்னைக்கோ நாளைக்கோ வலி எடுத்துரும். இந்த நேரத்துல எங்க வயித்துல அடிச்சுராதீங்க. நீங்க நூறு வருஷம் இதே வீட்ல நல்லா இருக்கணும்னு நான் தெனம் பிள்ளையார்கிட்ட கேக்கறேன்."

"உங்களை விட்டா தலைமைக்கு யாரு இருக்கா?" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். சாரங்கனுடைய மனைவிதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னார். இத்தனை அன்பை சாரங்கன் எதிர்பார்க்கவில்லை. உள்ளே போய், சாவியை எடுத்து மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று அவர் வீட்டுக்கு வைக்கோல் கூடுதலாக ஒரு கட்டு வந்தது; தொழிலாளர்கள் அன்பளிப்பு.

தேன்மொழிக்கு அந்த வாரமே வலி எடுத்தது. பெஞ்சுக்கு அடியில், நிழலில், புல்லை மெத்தையாக விரித்துப் படுக்க வைத்தார்கள். சுகப்பிரசவம். நாலு குட்டிகள். கண் திறந்து, ரோமம் அடர்ந்து, கொழுகொழுவென்று. பால் போதாது என்ற பேச்சே இல்லை. அன்னக்கொடி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக அன்று ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாள். சந்தோஷத்தில் பசிக்கவில்லை.

குட்டிகளுக்குப் பேர் வைக்கிற அன்று சாரங்கன் வந்தார். முதலாளி நேரில் வந்ததில் எல்லாருக்கும் பெருமை. வெறுங்கையோடு வரக் கூடாதென்று வைக்கோலில் ஒரு சின்னக் கட்டு ரிப்பன் சுற்றி எடுத்து வந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார், கழுத்து இன்னும் நீளமாகத் தெரிந்தது. புல்லை மிதித்துவிடாமல், தள்ளி நின்றபடியே குட்டிகளை எட்டிப் பார்த்தார். மனசு நிறைந்துவிட்டது. உள்ளத்தின் ஆழத்திலிருந்து வாழ்த்தினார்.

"நல்லாப் படிச்சு, பெரிய ஆளா வந்து, சீக்கிரமே ஆளுக்கொரு சொந்த வீடு வாங்கணும்!"

அன்னக்கொடி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தாள். குட்டிகள் நாலு, காது எட்டு. இருக்கிற இரண்டு கையால் எந்தக் காதைப் பொத்துவாள்? அப்படியே நாலின் மேலும் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

"வாயைக் கழுவுங்க சார்! பச்சைப் பிள்ளைங்ககிட்டப் பேசற பேச்சா இது? தேனு, ஓடிப் போயி உப்பு கொண்டா, சுத்திப் போடணும். எம் பேரப்பிள்ளைங்க உங்களுக்கு என்ன சார் பாவம் பண்ணுச்சு?"

நீதி: தோட்டம் பிடித்திருந்தால் அங்கே வீடு வாங்காதீர்கள், வேலை கேளுங்கள். வீடு வாங்குவதற்கு ஒரு நல்ல மனசுக்காரரை எங்கிருந்தாவது கடவுள் அனுப்பி வைப்பார்.